ஓநாய்க்காக வாதிட்ட வேட்டைக்காரர்: ஆல்டோ லியோபோல்டு

1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய 57 வயதினர் ஒருவர், சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றை எழுதி முடித்தார். அதில் கூறப்பட்ட நிகழ்ச்சி 35 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இளம் வயதில் தாமும் தம் தோழர்களும் ஒரு தாய் ஓநாயைச் சுட்டதையும், அதன் உயிர் பிரியுமுன் அருகே சென்று அதன் கண்களைப் பார்த்ததையும் அவர் எழுதியிருந்தார். அவர் ஆல்டோ லியோபோல்டு. அக்கட்டுரையின் பெயரைத் தமிழில் 'மலையைப் போல் எண்ணுதல்' எனலாம்.

ஓநாயைக் கொல்வது அக்கால அமெரிக்காவில் குற்றமன்று. புகழுக்கும் பரிசுக்கும் உரிய செயல். ஆகவே அவரை எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவரே தம்மை நிறுத்திக்கொண்டார். அதற்கு ஏன் 35 ஆண்டுகள் ஆயின என்பதே அவருடைய வாழ்க்கையைக் கற்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

பர்லிங்டன் சிறுவன்

லியோபோல்டு 1887ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கார்ல் லியோபோல்டு, எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். தாய் கிளாரா ஸ்டார்க்கர். இரு குடும்பங்களும் செருமானிய மரபின. வீட்டில் குழந்தைகள் முதலிற் கற்ற மொழியும் செருமன் மொழியே. நால்வருள் மூத்தவர் ஆல்டோ.

மிசிசிப்பி ஆற்றை நோக்கிய உயர்ந்த கரையின்மேல் அவர்கள் வீடு இருந்தது. இளவேனிலில் வடக்கு நோக்கியும் கூதிர்ப் பருவத்தில் தெற்கு நோக்கியும் காட்டு வாத்துகளும் வாத்துப்பெருக்கள் போன்ற நீர்ப்பறவைகளும் அந்த ஆற்றுவழியே திரள்திரளாகப் பறந்து செல்லும். தந்தை வேட்டையில் வல்லவர், ஆயினும் வரம்பறிந்தவர். முட்டையிடும் காலத்தில் நீர்ப்பறவைகளைச் சுடலாகாது என்று சட்டம் வருமுன்னரே தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்தார். சுடுவதற்கு உரிமை இருந்தும் சுடாமல் இருப்பது என்னும் பாடத்தை மகன் அவரிடமே முதலில் கற்றார். அப்பாடம் நீர்ப்பறவையிலிருந்து ஓநாய் வரை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

நியூ செர்சியில் பள்ளிக் கல்வியை முடித்து யேல் பல்கலைக்கழகம் சென்றார். அங்குள்ள காட்டியற் கல்லூரியில் 1909இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். புதிதாகத் தோன்றிய அமெரிக்க வனத்துறை இளைஞர்களை வரவேற்ற காலம் அது. அவ்வாண்டே அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காட்டிற்கு அவர் அனுப்பப்பட்டார்.

சுட்ட நாள்

அப்பாச்சிக் காடு மலையும் பள்ளத்தாக்கும் பைன் மரங்களும் நிறைந்த பெருநிலம். குதிரையின்றி அங்கு ஒருவர் நடமாட முடியாது. வந்த சில வாரங்களிலேயே 22 வயது இளைஞரிடம் மர அளவைக் குழு ஒன்றின் தலைமைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. குழுவில் இருந்தவர் பலர் அவரினும் அனுபவம் மிக்கவர். அவருடைய கணக்கீடுகளில் பிழை நேர்ந்தது. குழுவினர் குறை கூறினர். மேலதிகாரிகள் விசாரணையும் நடத்தினர். தம்மைப் பற்றி உயர்வாக எண்ணிய இளைஞருக்கு அது முதல் அடி.

அவ்வாண்டு செப்டம்பரில், ஒரு பாறை விளிம்பில் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்தபோது, கீழே ஆற்றைக் கடந்துவந்த விலங்கொன்றைக் குழுவினர் பெண்மான் என்று எண்ணினர். கரையேறி உடலை உதறியபோதுதான் அது ஓநாய் எனத் தெரிந்தது. வளர்ந்த குட்டிகள் ஓடிவந்து தாயை வரவேற்று விளையாடின. மேலிருந்த அனைவரும் துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டனர். குறிபார்த்துச் சுட்டனர் என்பதைவிட ஆர்வம் மிகுந்து சுட்டனர் என்பதே பொருந்தும். தாய் ஓநாய் வீழ்ந்தது. ஒரு குட்டி காலை இழுத்தபடி பாறைச் சரிவுக்குள் மறைந்தது. அவர்கள் கீழே இறங்கிச் சென்றபோது ஓநாயின் கண்களில் ஒரு பசுமையான தீயொளி அணைந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் 1944ஆம் ஆண்டுக் கட்டுரை கூறும் செய்தி. 1909 செப்டம்பர் 22ஆம் நாள் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் ஓநாய்களைக் கொன்ற செய்தி உள்ளது. ஆனால் அங்கே அது போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு செய்தி. கண்ணும் இல்லை, ஒளியும் இல்லை. கட்டுரையைப் படிப்பவர், அக்கணமே அவருடைய உள்ளம் மாறிவிட்டது என்று கருதுவதுண்டு. வாழ்க்கை வரலாறு அதற்கு இடம் தரவில்லை. கண்கள் அன்று கண்டதை உள்ளம் பல்லாண்டு கழித்தே கண்டது.

ஓநாய்ப் பகைவர்

1911இல் நியூ மெக்சிகோவின் கார்சன் தேசியக் காட்டிற்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் மேற்பார்வையாளர் ஆனார். 1912 அக்டோபரில் சாந்தா ஃபே நகரில் எஸ்டெல்லா பெர்கேரை மணந்தார். எஸ்டெல்லாவின் தாய்வழிக் குடும்பம் ஆட்டுமந்தைகளால் செல்வம் சேர்த்த பழைய குடும்பம். மந்தைக்காரர்களின் கவலை அவருக்கு அலுவல் வழியாக மட்டுமன்றி உறவின் வழியாகவும் தெரிந்திருந்தது.

1913 ஏப்ரலில், மேய்ச்சல் நிலத் தகராறுகளைத் தீர்க்கத் தொலைவான பகுதிக்குச் சென்றவர் மழையிலும் ஆலங்கட்டியிலும் சிக்கினார். உடல் வீங்கியது, சிறுநீரக அழற்சி என்று கண்டறிந்தனர். பிழைத்ததே அரிது. ஓராண்டுக்கு மேல் ஓய்வில் இருக்க நேர்ந்தது. காடு சுற்றும் வாழ்க்கை இனி இல்லை என்ற நிலையில் அல்புகெர்க்கி அலுவலகத்திற்கு மீண்டவர், வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் இயக்கத்தில் தம் ஆற்றல் முழுவதையும் செலுத்தினார். நியூ மெக்சிகோ வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஊர் ஊராகச் சென்று வளர்த்தார். 'பைன் கனி' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இதழும் நடத்தினார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட்டு 1917இல் அப்பணியைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

அவ்விதழைப் புரட்டுவோர்க்கு இன்று வியப்பு ஏற்படும். மானைக் காக்க வேண்டும் என்று முழங்கிய அதே எழுத்து, ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் பூண்டோடு ஒழிக்க வேண்டும் என்றும் முழங்கியது. மந்தைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் கைகோத்துக்கொள்ள ஏற்ற பொது எதிரியாக ஓநாய் அமைந்தது. கூட்டாட்சி அரசும் 1915 முதல் ஊதியம் பெறும் வேட்டையாளர்களை அமர்த்திப் பொறியாலும் நஞ்சாலும் ஓநாய்களைக் கொன்றது. 1920இல் நடந்த வேட்டை விலங்கு மாநாட்டில் உரையாற்றிய லியோபோல்டு, நியூ மெக்சிகோவின் கடைசி ஓநாயும் கடைசி மலைச் சிங்கமும் ஒழியும் வரை பணி நிறைவுறாது என்னும் கருத்தையே வற்புறுத்தினார். கண்ணொளி அணைந்ததைக் கண்டு 11 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அக்கருத்தின் அடிப்படை எளிய கணக்கு. ஓநாய் குறைந்தால் மான் கூடும். ஓநாயே இல்லாவிட்டால் மானுக்குப் பஞ்சமே இல்லை. வாணிகக் கணக்குப் போன்ற அக்கணக்கில் புல்லுக்கும் மரத்துக்கும் இடமில்லை.

மான் பெருகிய கதை

அவருடைய முரண்கள் அத்துடன் நிற்கவில்லை. சாலையும் கட்டடமும் இல்லாத காட்டுப்பரப்புகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று வனத்துறைக்குள்ளேயே முதலில் வாதாடியவர்களுள் அவர் தலையாயவர். அவ்வாதத்தின் பயனாக, நியூ மெக்சிகோவின் கீலா ஆற்றின் தலைப்பகுதி 1924 சூன் 3ஆம் நாள் தீண்டாக் காடாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 7,55,000 ஏக்கர். உலகிலேயே அத்தகைய முதல் அறிவிப்பு என்று அதனைப் போற்றுவர். ஆனால் அங்கே ஓநாய் முன்னரே அருகிவிட்டது. சில ஆண்டுகளில் மான்கள் மிதமிஞ்சிப் பெருகித் தழைகளை மொட்டையாக்கின. மான்களைக் குறைக்க வேட்டைக்காரர் உள்ளே செல்லவேண்டும். அவர்கள் செல்லச் சாலை வேண்டும் என்றனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீண்டாக் காட்டின் ஊடே சாலை போடப்பட்டது. சாலையைத் தடுக்க எழுந்த காட்டைப் பிளந்தது, ஓநாய் இல்லாமையே. இதைவிடக் கூரிய அங்கதத்தைக் கற்பனையில் எவரும் படைத்துவிட முடியாது.

அரிசோனாவின் கைபாப் பீடபூமியிலும் இதே நிகழ்ச்சி பெரிய அளவில் நடந்தது. 1906இல் மான் காப்பிடமாக்கப்பட்ட அங்கே மலைச் சிங்கங்களும் ஓநாய்களும் கொல்லப்பட்டன, மான்கள் பெருகின, 1924, 1925ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் பட்டினியால் திரளாக மடிந்தன. மான்களின் எண்ணிக்கை குறித்துக் கூறப்பட்டவை நம்பத்தக்கன அல்ல என்றும், ஆடுமாடுகளை மேய்ச்சலிலிருந்து விலக்கியதும் ஒரு காரணம் என்றும் பின்வந்த அறிவியலார் எடுத்துக்காட்டினர். லியோபோல்டு அதனைச் சற்று எளிமைப்படுத்தியே பார்த்தார் எனலாம். எனினும் உண்ணும் விலங்கு பெருகி நிலம் நலிந்தது என்பதில் ஐயமில்லை.

1924இல் மேடிசன் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், மரப்பொருள் ஆய்வகம் ஒன்றில் துணை இயக்குநராக நான்காண்டுகள் மனம் ஒட்டாமல் பணிபுரிந்தார். பிறகு வேட்டை விலங்குகளின் நிலையைப் பல மாநிலங்களில் ஆய்ந்தார். 1933இல் வெளிவந்த 'வேட்டை விலங்கு மேலாண்மை' என்னும் அவருடைய நூல் ஒரு புதிய துறைக்கே பாடநூலாயிற்று. அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அத்துறைக்கெனப் பேராசிரியப் பதவியைத் தோற்றுவித்து அவரை அமர்த்தியது. கொன்றுண்ணும் விலங்குகளைப் பற்றி அந்நூலில் பகைமை தணிந்திருந்தது. அன்பு இன்னும் பிறக்கவில்லை. நிறுவை பார்க்கும் அறிவியலாளரின் நடுநிலையே அங்குக் காணப்படுகிறது.

திருப்பம் இரு பயணங்களால் நேர்ந்தது. 1935இல் செருமனி சென்று மூன்று மாதம் காடுகளைப் பார்வையிட்டார். முன்னோர் நாடு, காட்டியலின் தாயகம். அங்கே ஊசியிலை மரங்கள் படைவீரர்போல் வரிசையில் நின்றன. மரங்களின் அடியில் செடியில்லை, கொடியில்லை. தீனி போட்டு வளர்க்கப்பட்ட மான்கள் அடிக்காட்டைத் தின்று தீர்த்திருந்தன. ஓநாயோ பெரிய ஆந்தையோ இல்லை. ஒழுங்கு இருந்தது, உயிர்ப்பு இல்லை.

அடுத்த ஆண்டு மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரைச் சேர்ந்த காவிலான் ஆற்றங்கரைக்கு வில்வேட்டைக்காகச் சென்றார். 1937ஆம் ஆண்டின் இறுதியில் தம்பியையும் மூத்த மகன் ஸ்டார்க்கரையும் உடனழைத்து மீண்டும் சென்றார். அங்கே மான்கள் போதிய அளவில் இருந்தன, ஓநாய்களும் மலைச் சிங்கங்களும் இருந்தன, புல்லும் மரமும் செழித்திருந்தன, ஆற்றுநீர் தெளிந்தோடியது. எல்லைக்கு வடக்கே அதே மலை, அதே மழை. அங்கே மண் அரித்து ஆறுகள் கலங்கிக் கிடந்தன. தம் வாழ்நாள் முழுவதும் தாம் பார்த்தது நோயுற்ற நிலமே என்றும், நலமுள்ள நிலத்தை இப்போதுதான் முதலிற் காண்பதாகவும் அவர் உணர்ந்தார்.

மாணவரின் கடிதம்

1935ஆம் ஆண்டிலேயே விஸ்கான்சின் ஆற்றின் கரையில், பயிரிட்டுச் சாரமிழந்து கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அங்கு எஞ்சி நின்ற கட்டடம் ஒரு கோழிக்கொட்டில் மட்டுமே. எருவை வாரி வெளியே கொட்டி, கூரை வேய்ந்து, குடும்பத்துடன் வார இறுதிகளில் அங்குத் தங்கினார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டனர். 1936ஆம் ஆண்டு வறட்சியில் முதல் நடவு ஏறக்குறைய முழுவதும் கருகிற்று. மறுபடியும் நட்டனர். விடியுமுன் எழுந்து, காப்பிக் குவளையும் குறிப்பேடுமாக வெளியே அமர்ந்து, எந்தப் பறவை எவ்வளவு ஒளியில் முதற்குரல் எழுப்புகிறது என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். அவருடைய உரைநடையின் நிறமும் நிதானமும் அந்தக் கொட்டிலின் வாயிலில் பிறந்தவை.

1941 முதல் இயற்கைக் கட்டுரைகளை நூலாக்கும் எண்ணம் எழுந்தது. படங்கள் வரைய அவருடைய மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹாக்பாம் இசைந்தார். கனடாவின் மானிட்டோபா சதுப்பு நிலத்தில் நீர்ப்பறவை ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தியவர் அவர். ஆசிரியர் அனுப்பிய கட்டுரைகளைப் படித்துத் தயங்காமல் குறை சொன்னார். அழிந்துபோன காட்டையும் விலங்கையும் எண்ணி வருந்தும் எழுத்தாளர், அந்த அழிவில் தமக்குப் பங்கே இல்லாதவர்போல் உயரத்தில் நின்று பேசுகிறார் என்பது அக்குறை. ஓநாயை ஒழித்ததில் ஆசிரியருக்கும் கையிருந்தது என்பதை 1944 சனவரியில் எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே நினைவூட்டினார். தாமும் ஒருகாலத்தில் பிறரைப்போல் எண்ணியவரே என்பதை எங்கேனும் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டால்தான் படிப்பவர் உடன் வருவர் என்றும் அறிவுறுத்தினார்.

புகழ்பெற்ற பேராசிரியருக்கு மாணவர் இவ்வாறு எழுதியதும், அதனை ஆசிரியர் சினவாது ஏற்றதும் இலக்கிய வரலாற்றில் அருமையான நிகழ்ச்சிகள். எழுதுவோர் கூடும் அவைகளில் பாராட்டு எளிதிற் கிடைக்கும். இத்தகைய நண்பர் எளிதிற் கிடைப்பதில்லை.

கடிதம் வந்த நேரமும் கருதத்தக்கது. 1943இல் லியோபோல்டு விஸ்கான்சின் மாநில இயற்கைவளப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வடபகுதிக் காடுகளில் மான்கள் மிகுந்து குளிர்காலத்தில் பட்டினி கிடந்து செத்தன. பெண்மான்களையும் வேட்டையாட இசைவு தந்தால்தான் காடும் மானும் பிழைக்கும் என்றார் அவர். அவ்வாண்டு வேட்டைப் பருவத்தில் சுமார் 1,28,000 மான்கள் வீழ்ந்தன. மக்கள் கொதித்தனர். மானைக் காப்போம் என்ற பெயரில் அவரைச் சாடவே ஒரு செய்தித்தாள் தோன்றியது. மானின் காவலராக வாழ்வைத் தொடங்கியவர் மானின் பகைவர் என்று தூற்றப்பட்டார். ஓநாய் செய்துவந்த வேலையை மனிதன் செய்ய முற்பட்டால் எவ்வளவு இடர் என்பதை அவர் தம் தோலில் உணர்ந்த குளிர்காலத்தில்தான் மாணவரின் கடிதம் அவர் மேசைக்கு வந்தது.

ஏப்ரல் முதல் நாளில் கட்டுரை பிறந்தது. ஓநாயின் ஊளையை மானும் மந்தைக்காரரும் வேட்டைக்காரரும் அவரவர் அச்சத்துக்கும் ஆசைக்கும் ஏற்பக் கேட்கின்றனர். மலையோ தன் சரிவிலுள்ள செடிகொடிகளின் வாழ்வை வைத்துக் கேட்கிறது. தன்மேல் மேய்வதற்கு வரம்பு இருக்கிறதா என்பதே மலையின் கவலை. தாய் ஓநாய் இறந்த கதை இந்த எண்ணத்தின் நடுவே வைக்கப்பட்டுள்ளது. வருத்தத்தை அவர் விரித்துரைக்கவில்லை. சுட்டவன் தான் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கமே கட்டுரையின் வலிமை. அந்த ஒளியை அன்றே கண்டு தெளிந்ததாக எழுதியது காலத்தைச் சுருக்கிய புனைவு என்று சிலர் குறை காண்பர். 35 ஆண்டுகளைச் சில பக்கங்களில் அடக்கும் எழுத்துக்கு அந்த உரிமை உண்டு. மேலும், 1947இல் எழுதி நூலில் சேராமற்போன ஒரு முன்னுரையில், ஓநாய் ஒழிப்பில் தம் பங்கையும், அதற்கு மான் நலம் என்று பெயரிட்டுத் தம்மைத் தாமே அமைதிப்படுத்திக்கொண்டதையும், கீலாவில் சாலை வந்ததையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

அதே 1944இல் அவர் எழுதிய ஒரு நூல் மதிப்புரைக்கு இலக்கியச் சிறப்பு இல்லை. வரலாற்றுச் சிறப்பு உண்டு. வட அமெரிக்க ஓநாய்களைப் பற்றி இசுட்டான்லி யங், எட்வர்டு கோல்டுமன் ஆகிய இருவர் எழுதிய பெருநூலுக்கு எழுதியது அது. இருவரும் ஓநாய்களை ஒழித்த அரசுத் துறையைச் சார்ந்தவர்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கடைசி ஓநாய்க் குட்டிகள் 1926இல் கொல்லப்பட்டிருந்தன. மேற்கு மாநிலங்களில் மந்தைகளுக்காக ஓநாய்களைப் பிடித்தபோது, காயமின்றிப் பிடிபட்ட சிலவற்றை யெல்லோஸ்டோனுக்குக் கொண்டுபோய் ஏன் விடவில்லை என்று அம்மதிப்புரையில் வினவினார். ஓநாயை அதன் பழைய நிலத்திற்கே மீட்டுக் கொணர்வது என்னும் எண்ணம் இவ்வாறு ஒரு வினாவாக அச்சேறியது. அப்போது அதற்கு விடை சொல்வார் இல்லை.

தீயில் முடிந்த வாழ்வு

நூலின் கையெழுத்துப்படியைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றனர். 1947ஆம் ஆண்டு முகநரம்பு நோய்க்காக அறுவை செய்துகொண்ட உடலோடு அவர் மீண்டும் திருத்தினார். நிறைவுக் கட்டுரையாக நிலத்துக்குரிய அறத்தைப் பற்றி எழுதினார். ஒருவன் தன் குடும்பத்துக்கும் ஊருக்கும் கடமைப்பட்டவன் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. மண்ணும் நீரும் மரமும் விலங்கும் அந்த ஊரில் குடியிருப்போரே என்று ஒப்புக்கொள்வது அடுத்த படி என்பது அதன் சாரம். நிலத்தையும் அதன் புள்ளையும் விலங்கையும் மரத்தையும் மாந்தர் ஒழுக்கத்தோடு ஒன்றாகவே வைத்துக் கருப்பொருள் வகுத்த தமிழ் மரபில் பயின்றவர்க்கு இச்சிந்தனை அயலாகத் தோன்றாது. பாலைக்குச் செந்நாயை எண்ணிச் சேர்த்தவர்கள் நம் உரையாசிரியர்கள். அவர் தமிழ் அறியார். இது தொடர்பன்று, ஒப்புமையே.

1948 ஏப்ரல் 14ஆம் நாள் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலை வெளியிட இசைந்த செய்தி தொலைபேசியில் வந்தது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், மனைவியோடும் இளைய மகளோடும் பண்ணையில் இருந்தபோது பக்கத்துப் பண்ணையில் புகை எழுந்தது. புல்வெளித் தீ தம் பைன் மரங்களை நோக்கி வருவதைக் கண்டு அணைக்க விரைந்தார். நெஞ்சு வலி கண்டு தரையில் சாய்ந்தார். தீ அவர் உடல்மேல் மெல்லப் படர்ந்து கடந்து சென்றது. சட்டைப்பையில் இருந்த குறிப்பேடு கருகியிருந்தது. வயது 61. பர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டார்.

நூலை மகன் லூனாவும் நண்பர்களும் செப்பம் செய்தனர். 1949இல் 'மணல் வட்டார நாட்குறிப்பு' எனப் பொருள்படும் பெயருடன் வெளிவந்தது. ஹாக்பாம் முன்னரே விலகியதால் படங்களை வேறொரு ஓவியர் வரைந்தார். முதல் இருபது ஆண்டுகள் அதனைப் படித்தவர் சிலரே. மலிவுப் பதிப்பு வந்த பின் இலட்சக்கணக்கில் விற்றது.

மீண்டு வந்தவை

விஸ்கான்சினில் ஓநாய்த் தலைக்குப் பரிசளிப்பது 1957 வரை நடந்தது. 1960இல் அங்கு ஓநாய் இல்லை என்ற நிலை வந்தது. 1970களின் நடுவில் அண்டை மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து ஓநாய்கள் எவர் உதவியுமின்றித் தாமாகவே வந்து குடியேறின. மேற்கில் அது இயலவில்லை. கொண்டுவந்தே விட வேண்டியிருந்தது.

தந்தையின் பணியை வேறு வழியில் தொடர்ந்தவர் மூத்த மகன் ஸ்டார்க்கர். விலங்கியல் பேராசிரியரான அவர் தலைமையில் அமைந்த குழு 1963இல் அளித்த அறிக்கை, தேசியப் பூங்காக்களின் விலங்குகளும் நிலமும் வெள்ளையர் வருகைக்கு முன்னிருந்த நிலையை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்றது. பூங்காத் துறையின் போக்கை அது மாற்றியது. 1973இல் அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பிறகும் யெல்லோஸ்டோன் பற்றிய வழக்காடல் இருபதாண்டுகள் நீண்டது. மந்தைக்காரரின் அச்சம் பொய்யன்று, கன்றை இழப்பவர் அவர், களிப்படைபவர் நகரத்தார். கால்நடையைத் தாக்கும் ஓநாயை உரியவர் கொல்லலாம் என்ற விதிவிலக்கும், இழப்புக்கு ஈடு தர ஒரு தனியார் அமைப்பின் நிதியும் ஏற்பட்ட பின்னரே வழி பிறந்தது.

1995 சனவரி 12ஆம் நாள், கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிடித்த எட்டு ஓநாய்கள் கூண்டுகளில் யெல்லோஸ்டோன் வந்து சேர்ந்தன. லியோபோல்டு பிறந்து 108 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. வந்தவற்றைத் திறந்துவிட முடியவில்லை. விவசாயிகளின் அமைப்பு ஒன்று நீதிமன்றத்தில் தடை கேட்டிருந்தது. தடை நீங்கும் வரை அவை பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக 31 ஓநாய்கள் விடப்பட்டன. பிறகு பூங்காவில் எல்க் எனப்படும் பெரிய மானினம் குறைந்தது. ஆற்றங்கரையில் சில இடங்களில் வில்லோச் செடிகள் உயர்ந்தன. அம்மாற்றத்தில் ஓநாயின் பங்கு எவ்வளவு, கரடிக்கும் மலைச் சிங்கத்துக்கும் வேட்டைக்கும் வறட்சிக்கும் எவ்வளவு என்று அறிவியலார் இன்னும் வாதிடுகின்றனர். ஓநாய் வந்தவுடன் எல்லாம் சீராயிற்று என்பது கதை சொல்வார் வாக்கு.

லியோபோல்டு சுட்டது மெக்சிக ஓநாய் என்னும் சிறிய தென்னக வகை. அமெரிக்கக் காடுகளில் அது முற்றிலும் அற்றுப்போயிருந்தது. 1977 முதல் 1980 வரை மெக்சிகோவில் உயிருடன் பிடிக்கப்பட்டவை ஐந்தே ஐந்து. முன்னரே கூண்டுகளில் இருந்த சிலவற்றையும் சேர்த்து, இன்றுள்ள அவ்வகை ஓநாய்கள் அனைத்தும் ஏழு ஓநாய்களின் வழிவந்தவை. 1998 மார்ச்சு 29ஆம் நாள், கூண்டில் பிறந்து வளர்ந்த 11 ஓநாய்கள் அரிசோனாவில் விடப்பட்டன. இடம் அப்பாச்சி தேசியக் காடு. 1909இல் 22 வயது இளைஞர் ஒருவர் மர அளவைக்குச் சென்ற அதே காடு.

அவ்வாண்டிலேயே அவற்றுட் பல சுடப்பட்டன. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்து, துணை சேர்த்து, மீண்டும் விட்டனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் எடுத்த கணக்கின்படி, அரிசோனா, நியூ மெக்சிகோ காடுகளில் குறைந்தது 286 மெக்சிக ஓநாய்கள் இருந்தன. கீலாவிலும் அவை ஊளையிடுகின்றன.